ஆள்காட்டிக்கு வந்த மாமன் சீர்

வேலங்காட்டு ஏரியில் காவல் வேலை ஆள்காட்டிக் குருவிக்கு. கரையில் அந்நிய உருவம் எதைக் கண்டாலும் அது "ஆள்! ஆள்!" என்று கத்தும். சத்தம் கேட்டதும் தவளைகள் தண்ணீருக்குள் குதிக்கும். நாமக்கோழிகள் குஞ்சுகளோடு கோரைக்குள் ஒளிந்துகொள்ளும். இந்த வேலைக்குக் கூலியாக, வடகரைச் சேற்றில் கிடைக்கும் புழு பூச்சி எல்லாவற்றையும் ஏரிவாசிகள் ஆள்காட்டிக்கே விட்டிருந்தார்கள். வயிற்றுக்குக் குறையே இல்லை.

ஆள்காட்டி குஞ்சு பொரித்த செய்தி காட்டுப்பூனையின் காதுக்குப் போனது. மழை விட்ட ஒரு காலையில், தாமரை இலையில் ஈசலைப் பொதிந்து வாயில் கவ்விக்கொண்டு அது கரைக்கு வந்தது. ஆள்காட்டி கத்த வாயைத் திறந்தது.

"இரு தங்கச்சி, கத்தாதே," என்றது பூனை, பொதியைக் கீழே வைத்துவிட்டு. "உனக்குக் கூடப் பிறந்தவங்க யாரும் இல்லைன்னு கேள்விப்பட்டேன். குஞ்சுங்களுக்கு மாமன் சீர் செய்ய ஒருத்தன் வேண்டாமா?"

ஆள்காட்டிக்கு மனம் குளிர்ந்துவிட்டது. இருந்தாலும் சந்தேகம் போகவில்லை. "இதுக்கு நான் என்ன செய்யணும்?"

"பதிலுக்குக் கேட்டா அது சீரா? அதுக்கு வேற பேரு இருக்கு. எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

சொன்னபடியே பூனை எதையும் கேட்கவில்லை. கெட்டிக்காரப் பூனை! அடுத்து வெட்டுக்கிளி கொண்டு வந்தது. அப்புறம் கரையான் புற்றைக் கிளறிப் புற்றாஞ்சோறு கொண்டு வந்தது. குஞ்சுகள் அதைக் கண்டால் "மாமா, மாமா" என்று ஓடின. பூனையும் நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு அவற்றைத் தடவிக் கொடுத்தது.

இதைப் பார்த்த ஒரு தவளைக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்னு சொல்லுவாங்க. அது உன்னைப் பார்த்துத்தான் சொன்னதா?"

"வீட்டுக்கு வர்றவரைப் பார்த்துக் கத்துவாங்களா?" என்று சிலிர்த்துக்கொண்டது ஆள்காட்டி. "வேட்டைக்கு வந்தா கத்தாமலா இருப்பேன்?"

அது பொய் சொல்லவில்லை. அப்படித்தான் அது நம்பிக்கொண்டிருந்தது.

அந்த ஏரியில் ஒரு நாமக்கோழி இருந்தது. முட்டைகளைப் பாம்பு குடித்ததுபோக அதற்கு மிஞ்சியது ஒரே குஞ்சு. ஆள்காட்டி காவல் இருக்கிறது என்ற தைரியத்தில், குஞ்சைக் கரையில் வெயில் காய விட்டுவிட்டு அது இரை தேடப் போகும்.

ஒருநாள் அந்தக் குஞ்சுக்குப் பின்னால், கோரை ஓரத்தில், பூனையின் வால் அசைந்தது. வாயில் இலைப்பொதி இல்லை. ஆள்காட்டி பார்த்தது. நன்றாகவே பார்த்தது. கத்த வாயெடுத்தது.

'அண்ணன் தண்ணி குடிக்க வந்திருக்கும். நாலு பேர் முன்னாடி கத்தி அவமானப்படுத்தலாமா? இது ஆள் இல்லையே, நம்ம ஆள்தானே' என்று ஒரு கணம் தயங்கியது. பூனைக்கு அந்த ஒரு கணம் போதுமாக இருந்தது.

ஆள்காட்டி கத்தியபோது பூனை குஞ்சைக் கவ்விக்கொண்டு புதருக்குள் மறைந்துவிட்டது.

ஏரியே கூடிவிட்டது. யாரும் ஆள்காட்டியைக் குறை சொல்லவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த நாமக்கோழியே அதற்கு ஆறுதல் சொன்னது. "நீ என்ன பண்ணுவே அக்கா? கோரை மறைச்சிருக்கும். கண்ணுல பட்டிருந்தா நீ கத்தாம இருப்பியா?"

ஆள்காட்டிக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆமாம், கோரை மறைத்துவிட்டது என்று தலையாட்டிவிட்டால் விஷயம் அதோடு முடிந்துவிடும். தலையாட்டிவிடலாம் என்றுதான் நினைத்தது. அப்போது அதன் குஞ்சு ஒன்று கேட்டது: "ஏம்மா, மாமா இன்னைக்கு நமக்கு ஒண்ணும் குடுக்காம போயிட்டாங்க?"

கூட்டம் முழுவதும் ஆள்காட்டியின் பக்கம் திரும்பியது.

"கண்ணுல பட்டுச்சு," என்றது ஆள்காட்டி. "உன் குஞ்சு பக்கத்துல அவன் பதுங்கினதைப் பார்த்தேன். அவன் குடுத்ததைத் தின்னிருந்தேன். அதனால தயங்கிட்டேன்."

நாமக்கோழி தன் குஞ்சு வெயில் காய்ந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. திட்டியிருந்தால்கூட ஆள்காட்டிக்குத் தேவலையாக இருந்திருக்கும். வெட்கத்தில் அது தலையைத் தொங்கப்போட்டு நின்றது.

காவலுக்கு இருப்பவர் கூலியைத் தவிர யாரிடமும் எதையும் வாங்கக்கூடாது என்று ஏரி அன்றே சட்டம் போட்டது. சீர், விருந்து, அன்பளிப்பு எந்தப் பெயரில் வந்தாலும் கூடாது.

தவளைக்கு அப்போதும் ஒரு சந்தேகம். "பூனைகிட்ட வாங்கினது தப்புதான். நாங்க ஆசையா குடுத்தா என்ன?"

"வேண்டாம்," என்றது ஆள்காட்டி. "தின்னுட்டா அப்புறம் யார் நல்லவங்க, யார் கெட்டவங்கன்னு எனக்குத் தெரியலை. இந்த வேலைக்கே நான் லாயக்கில்லை. வேற யாரையாவது வச்சுக்குங்க."

அதுவரை பேசாமல் இருந்த நாமக்கோழி இப்போது வாய் திறந்தது. "போயிட்டா உனக்கு நிம்மதி. என் குஞ்சு திரும்பி வருமா? நீ இங்கேயே இரு. தினமும் என் முகத்தைப் பார்த்துக்கிட்டே காவல் இரு."

ஆள்காட்டி போகவில்லை. அதன் பிறகு அது கத்தத் தயங்கியதும் இல்லை, நாமக்கோழியை நிமிர்ந்து பார்த்ததும் இல்லை.

பொது வேலையில் இருப்பவருக்கு வரும் பரிசு, பதிலுக்கு எதையும் கேட்காவிட்டாலும், கடமையைச் செய்ய வேண்டிய நேரத்தில் வாயைக் கட்டிவிடும்.