உச்சிப் பூவின் விதை

மலையுச்சி மடத்தில் அழகியநம்பிக்கு அது ஆறாவது வருடம். முன்பு லாரி ஓட்டியவர். குரு வடிவாம்பிகை அவரைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் அழகியநம்பி அவரை "அம்மா" என்றுதான் கூப்பிடுவார்.

அன்று அழகியநம்பியின் முகம் வாடியிருந்தது.

"இங்கே இருக்கும்போது எனக்குக் கோபமே வருவதில்லை, அம்மா. போன மாதம் வீட்டுக்குப் போனேன். மூன்றாம் நாளே மகள் கோமதி மேல் சாப்பாட்டுத் தட்டை வீசிவிட்டேன். அப்படியானால் இந்த அமைதி என்னுடையதா, மலையுடையதா?"

பாறையிடுக்கில் விரல் உயரமே நின்ற ஊதாப் பூவைக் குரு காட்டினார்.

"இதே பூ அடிவாரத்தில் எவ்வளவு உயரம்?"

"முழங்கால் வரைக்கும் வரும்."

"இங்கே ஏன் வளரவில்லை?"

"குளிர், காற்று. வேர் இறங்க மண்ணும் இல்லை."

"இதன் விதையை உங்கள் வீட்டில் விதையுங்கள். பூத்ததும் வாருங்கள்."

மழைக்காலம் முழுக்க அழகியநம்பி கீழே வீட்டிலேயே கிடந்தார். தினமும் விதை போட்ட தொட்டிகளோடு மல்லுக்கட்டினார். பிறகு மூச்சு வாங்க மலையேறி வந்தார். குழப்பம் கூடியிருந்ததே தவிரக் குறையவில்லை.

"பாதி விதை அழுகிவிட்டது, அம்மா. சில செடிகள் முழங்கால் வரை வளர்ந்தன. வெறும் இலை, பூவே இல்லை. ஒன்று மட்டும் அங்கேயும் விரல் உயரத்தைத் தாண்டவில்லை. ஆனால் அதுதான் பூத்தது. எல்லாம் ஒரே செடியின் விதை, ஒரே மண். இதில் எது செடியின் குணம், எது இடத்தின் குணம்? எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை."

"எனக்கும்தான்" என்றார் குரு.

அழகியநம்பிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அப்படியானால் என் கேள்விக்குப் பதில்?"

"பூத்ததை முதலில் பார்த்தது யார்?"

"கோமதி. அவள்தான் என் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினாள்."

"இந்த நான்கு மாதமும் உங்கள் கூடவே இருந்தாளா?"

"இருந்தாள்."

"கோபம் வந்ததா?"

"வந்தது. வரவேண்டிய நேரத்தில் வராமலும் போனது. குறைந்ததா கூடியதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை."

"அவளுக்குத் தெரியுமே. அவளைக் கேட்காமல் என்னைக் கேட்க ஏன் இவ்வளவு தூரம் ஏறி வந்தீர்கள்?"

அழகியநம்பி எழுந்தார். வாசலில் கழற்றிவிட்ட செருப்பைத் தேடி மறுபடி மாட்டிக்கொண்டார்.