முதல் இலைச் சோறு

முன்னொரு காலத்தில், கடலில் கப்பல் வராமல் போனதால் ஒரு ராஜாவுக்கு மதியத் தூக்கம் கெட்டுப்போனது.

கப்பலுக்கும் தூக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அரண்மனைக்குப் பின்னால்தான் தறித்தெரு. அங்கே தறிகள் போடும் தடக் தடக் சத்தம்தான் ராஜாவுக்குத் தாலாட்டு. அக்கரைச் சீமைகளில் வியாபாரம் படுத்துவிட, துணி ஏற்றிப்போக வந்த கப்பல்கள் நின்றன. கப்பல் நின்றதும் துணி வணிகர்கள் நெசவாளிகளுக்கு நூல் கொடுப்பதை நிறுத்தினார்கள். நூல் இல்லாமல் தறி நின்றது. தெரு முழுக்க அடுப்பு அணைந்து கிடந்தபோது அசையாத ராஜா, தன் கண் மூடவில்லை என்றதும் அவசர சபை கூட்டினார். பெரிய இடத்துக் கவலைகள் அப்படித்தான் பிறக்கும் போலிருக்கிறது.

"நெசவுத் தொழிலைக் கஜானா தூக்கி நிறுத்த வேண்டும். வழி சொல்லுங்கள்" என்றார் ராஜா.

பொக்கிஷதார் வடமலையார் எழுந்தார். கஜானாச் சாவி அவர் இடுப்பில்தான் தொங்கும். "மன்னாதி மன்னா! ஆளாளுக்குக் கொடுத்தால் தின்றே தீர்த்துவிடுவார்கள். தலைமை வணிகர் காசிலிங்கத்திடம் மொத்தமாகக் கொடுப்போம். மேலே நிரம்பினால் கீழே தானாக வழியும். அவர் நூல் கொடுப்பார், தறி ஓடும்."

காசிலிங்கம் தன் சொந்த மைத்துனர் என்பதை மட்டும் சொல்ல மறந்துவிட்டார். பாவம், தலைக்கு மேல் வேலை.

சபையில் ஒரே ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். விகடகவி சடையாண்டி. பெயரில்தான் சடை, தலை பளபளவென்று வழுக்கை. ராஜா அவரைப் பக்கத்தில் உட்கார்த்திக்கொள்வது வடமலையாருக்கு வெகுநாளாகவே கண்ணில் விழுந்த தூசு.

"சிரிக்கிறவரே இந்தக் காரியத்தை மேற்பார்வை பார்க்கட்டும், மன்னா. தங்கள் பிறந்தநாளுக்குள் தறி ஓடாவிட்டால் நாட்டைவிட்டுப் போகட்டும்" என்றார் வடமலையார்.

ராஜா கொட்டாவி விட்டுக்கொண்டே, "அப்படியே ஆகட்டும்" என்றார். தூங்காத ராஜா எதற்கும் அப்படியே ஆகட்டும் என்றுதான் சொல்வார்.

பொன் வண்டி காசிலிங்கம் வீட்டுக்குப் போயிற்று. சடையாண்டியும் தினம் போனார். நூலை மட்டும் காணோம். வீட்டின்மேல் புது மாடி ஏறியிருந்தது. கூடத்தில் பித்தளைச் சங்கிலி போட்ட ஊஞ்சல் வந்திருந்தது. வீட்டம்மாளின் மூக்குத்தி வாசல்வரை மின்னியது.

"நூல் எங்கே ஐயா?"

"காலம் சரியில்லை, விகடகவியாரே. முதலில் நான் நிமிர வேண்டாமா?" என்று ஊஞ்சலில் சாய்ந்தபடி கேட்டார் காசிலிங்கம்.

தறித்தெருவில் முத்துநாச்சி என்ற நெசவுக்காரி சடையாண்டியை மறித்துக்கொண்டாள். "என்ன சாமி, வழியும் வழியும்னீங்க? எங்க தறியில இப்ப சிலந்திதான் நெய்யுது. அதுக்காவது கூலி வாங்கிக் குடுங்க!"

ராஜாவிடம் முறையிடலாம் என்றால் வாசலிலேயே வடமலையாரின் ஆள், "மன்னர் தூங்க முயன்றுகொண்டிருக்கிறார்" என்று திருப்பி அனுப்பினான். வீட்டில் மனைவி பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்திருந்தாள். சடையாண்டிக்கு அன்று முதன்முதலாகச் சிரிப்பு வரவில்லை.

பிறந்தநாளும் வந்தது. அன்று அரண்மனையில் குடிகளோடு ஒரே பந்தி. முதல் இலை பொக்கிஷதாருக்கு உரிய மரியாதை. அதை விட்டுக்கொடுக்கக் கூடாதென்று ஒரு வருஷம் காய்ச்சலோடுகூட வந்து உட்கார்ந்தவர் அவர். விருந்து கொடுப்பவர் என்பதால் ராஜாவுக்குக் கடைசி இலை. பந்தி மொத்தமும் சாப்பிட்டு முடியும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. ராஜாவே ஆனாலும் சரி.

"தறி ஓடவில்லை, மன்னா. நான் கிளம்ப வேண்டியதுதான்" என்று கைகூப்பினார் சடையாண்டி. "போகுமுன் ஒரே ஒரு ஆசை. இன்றைய பந்தியைப் பொக்கிஷதார் வகுத்த முறைப்படி நானே பரிமாற வேண்டும்."

தன் முறைக்கு இத்தனை மரியாதையா என்று வடமலையாருக்கு மீசை தானாக நிமிர்ந்தது. ராஜாவும் தலையசைத்தார்.

சடையாண்டி முதல் இலையில் சோறு வைத்தார். வடமலையார் ஆசையாக ஒரு கவளம் வாயில் போட்டார். மேலும் சோறு விழுந்தது. அண்டாச் சோறு முழுவதும் விழுந்தது. வடை, அப்பளம், பொரியல், பாயசம், எல்லாம் அந்த ஒரே இலைக்கு. சோற்று மலைக்குப் பின்னால் வடமலையாரின் தலைப்பாகை மட்டும் தெரிந்தது. ரசம் மட்டும் உண்மையாகவே வழிந்தது; பக்கத்து இலைக்காரர் காசிலிங்கத்தின் பட்டு வேட்டியில் போய்த் தங்கியது. மற்ற இலைகளில் தெளித்த தண்ணீரும் காய்ந்துவிட்டது.

ராஜாவின் வயிறு கடமுடவென்றது. "சடையாண்டி, என் இலைக்கு எப்போது வரும்?"

"தானாக வழியும், மன்னா. முதலில் அவர் நிமிர வேண்டாமா?"

ராஜாவுக்குப் பக்கத்து இலை முத்துநாச்சிக்கு. "எங்களுக்குப் பழகிப்போச்சு ராசா. நீங்கதான் புதுசு. தண்ணியக் குடிச்சிட்டு உக்காந்திருங்க, கொஞ்சம் அடங்கும்."

ராஜா முகம் சிவந்தது. "வடமலையாரே! இருப்பதைப் பக்கத்து இலைக்குத் தள்ளும்!"

சோற்று மலைக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. "மன்னிக்க வேண்டும், மன்னா! நான் வாயில் வைத்த கையால் தொட்டுவிட்டேன். இது எச்சில். எச்சிலை எப்படித் தங்களுக்கு..."

"இதைத்தான் மன்னா, நானும் சொல்ல வழியில்லாமல் தவித்தேன்" என்றார் சடையாண்டி. "முதல் இலையில் எல்லாவற்றையும் கொட்டினால், ஒரு வாய் உள்ளே போனதுமே மிச்சமெல்லாம் அவர் எச்சில். அது பந்திக்கு ஆகாது. தாங்கள் அனுப்பிய பொன்னும் பொக்கிஷதாரின் மைத்துனர் வீட்டில் ஊஞ்சலாகி ஆடிக்கொண்டிருக்கிறது."

"மைத்துனரா?" என்றார் ராஜா.

தலைப்பாகையும் சோற்று மலைக்குள் மறைந்தது. ராஜா அதையே பார்த்தார். உதடு துடித்தது. பிறகு வயிறு குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"சரி, எப்படித்தான் பரிமாறுவது?"

"கடைசி இலையிலிருந்து, மன்னா. கஜானாவே நூல் வாங்கித் தறிக்குத் தறி கொடுக்கட்டும். நெய்த துணியைச் சேனைக்கும் கோயிலுக்கும் கஜானாவே எடுத்துக்கொள்ளட்டும். கப்பல் வருகிறபோது வரட்டும்."

"கொடுத்த பொன் இன்றே திரும்பி நூலாகட்டும். ஊஞ்சல் சங்கிலியையும் கழற்றுங்கள்!" என்றார் ராஜா. காசிலிங்கம் ரச வேட்டியோடு தலையாட்டினார்.

சமையற்கட்டில் மறைத்து வைத்திருந்த இன்னோர் அண்டா வந்தது. கடைசி இலையிலிருந்து தொடங்கி எல்லா இலைக்கும் சோறு விழுந்தது. ராஜா தன் முத்துமாலையைக் கழற்றிச் சடையாண்டியின் கழுத்தில் போட்டார்.

"நாட்டைவிட்டுப் போகிற ஆணை, மன்னா?"

"ஆணை ஆணைதான். நீ போகத்தான் வேண்டும், தறித்தெருவரைக்கும். இனி அந்தத் தெரு உன் பொறுப்பு."

எல்லாரும் சாப்பிட்டு முடித்தார்கள். ஆனால் எழ முடியவில்லையே! முதல் இலைக்காரர் இன்னும் சோற்று மலையின் அடிவாரத்தில்தான் இருந்தார். "மெல்லச் சாப்பிடும், அவசரமில்லை" என்று சொல்லிவிட்டு ராஜா எல்லாருக்கும் இன்னொரு சுற்றுப் பாயசம் விடச் சொன்னார். உட்கார்ந்த இடத்தில் சும்மா இருக்க முடியுமா? பந்தி மொத்தமும் காசிலிங்கம் வீட்டு மாடி, மூக்குத்தி என்று ஒன்றுவிடாமல் பேச ஆரம்பித்தது. வடமலையார் மென்றுகொண்டே கேட்டார். ராஜா சிரித்துக்கொண்டே கேட்டார்.