தெர்மாகோல் மலை

அது ஒரு மாயாஜாலப் படம். உச்ச நடிகர் புவனேந்திரன் மலையைத் தூக்கும் காட்சி. தெர்மாகோல் மலையைச் செய்தவர் செட் உதவியாளர் எத்திராஜ். ஏழு டேக் போயிற்று. டிபன் பாக்ஸைத் தூக்குவது போலத்தான் தூக்கினார் நடிகர். அதைச் சொல்ல இயக்குநருக்குப் பயம்.

நடிகரே கத்தினார். "மலை பாரமாவே தெரியல! எவன்யா செஞ்சது? பாரமாத் தெரியணும், ஆனா ஒரு கிராம் எடை கூடக் கூடாது. நான் என்ன மூட்டை தூக்கவா வந்தேன்? முடியலன்னா நாளையிலருந்து வராதே!"

"முடியும் சார். பத்து நிமிஷம் குடுங்க" என்றார் எத்திராஜ்.

எட்டாவது டேக். மலை அசையவில்லை. நடிகர் பல்லைக் கடித்தார். கழுத்து நரம்பு புடைத்தது, முழங்கால் நடுங்கியது, மேக்கப் வழிந்தது. அங்குலம் அங்குலமாக மலை எழுந்தது.

"ஓகே!" இயக்குநர் எழுந்து நின்று கைதட்டினார்.

"இப்பதான்யா உன் மலை நடிக்குது!" நடிகருக்கு மூச்சிரைத்தது. "எவ்வளவு எடை ஏத்தினே?"

"ஒரு கிராம்கூட ஏத்தல சார்."

எத்திராஜ் மலை நின்ற மேடையின் பலகையைத் தட்டினார். அடியிலிருந்து மூன்று லைட்மேன்கள் வியர்வையோடு வெளியே வந்தார்கள். அவர்கள் கையிலிருந்த கயிற்றின் மறுமுனை மலையின் அடியில் கட்டியிருந்தது.

"இவங்கதான் கீழருந்து இழுத்துப் பிடிச்சாங்க. மலை நடிக்கல சார். இந்த ஒரு டேக்ல நீங்களும் நடிக்கல."