மூன்று முறை தூக்கிய நங்கூரம்

கப்பலுக்குப் பாயும் காற்றும் மட்டுமே துணையாக இருந்த காலத்தில் சங்குமுனை என்றொரு துறைமுகப் பட்டினம் இருந்தது. அங்கே மூன்று வணிகர்கள். மிளகு விற்கிறவர் வைரவநாதர், துணி விற்கிறவர் சாத்தப்பர், சந்தனம் விற்கிறவர் தில்லையப்பர். மூவரும் கூட்டாக ஒரு கப்பல் கட்டினார்கள். கட்டி முடிக்கும்வரை சண்டையே வரவில்லை. கப்பலில் முதல் மரியாதை யாருக்கு என்பதில்தான் வந்தது.

கோயில் விழாவோ கல்யாணப் பந்தலோ, முதல் மாலை தன் கழுத்தில் விழாவிட்டால் சாப்பிடாமல் எழுந்து போகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள் அல்லவா? அவர்களுக்கெல்லாம் மூதாதையர் இந்த மூவர். கப்பல் புறப்படும் நாளன்று, முதல் மாலை யாருக்கு என்று விடிந்ததிலிருந்து வெயில் ஏறும்வரை தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசினார்கள். கடைசியில் மூன்று பூசாரிகளை வரவழைத்து, மூன்று மாலைகளை ஒரே நேரத்தில் போடச் சொன்னார்கள். அப்போதும் சாத்தப்பர், "வைரவநாதர் கழுத்தை நீட்டினார், அதனால் அவருக்கு முந்தி விழுந்துவிட்டது" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

கப்பலை நடத்தியவன் சேந்தன் என்ற மீகாமன். பாய், துடுப்பு, ஆட்கள் எல்லாம் அவன் பொறுப்பு. மூக்குக்கு மேல் கோபம் வரும், ஆனால் மாலுமிகள் சாப்பிடாமல் தான் சாப்பிட மாட்டான். அவனுக்கு மூவரும் ஒரு கட்டளை போட்டிருந்தார்கள். நங்கூரத்தைத் தூக்கச் சொல்வது முதலாளிக்கு உள்ள மரியாதை, அவர்கள் சொல்லாமல் யாரும் தூக்கக் கூடாது. முந்தைய துறையில், வைரவநாதர் சொன்னாரே என்று ஒரு மாலுமி தூக்கிவிட்டான். மற்ற இருவரும் அதைத் திரும்ப இறக்க வைத்து, அவன் முதுகில் சவுக்கடியும் கொடுக்க வைத்தார்கள்.

இப்படிப்பட்ட கப்பல் ஒரு நாள் நல்ல தண்ணீர் பிடிக்க ஒரு மணல்தீவின் ஓரம் நின்றது. நட்டநடுப்பகல். தூரத்தில் கறுப்புப் பாய்கள் தெரிந்தன. கடற்கொள்ளைக்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

சேந்தன் ஓடி வந்தான். "ஐயா, காற்று நம் பக்கம் இருக்கிறது. இப்போதே கிளம்பினால் தப்பிவிடலாம். தூக்கட்டுமா?"

"தூக்கு," என்றார் வைரவநாதர். நங்கூரம் பாதி மேலே வந்தது.

"அவர் யார் சொல்ல? இறக்கு. இப்போது நான் சொல்கிறேன், தூக்கு," என்றார் சாத்தப்பர். நங்கூரம் கீழே போய், மறுபடி பாதி மேலே வந்தது.

"அப்படியென்றால் நான் என்ன இந்தக் கப்பலில் மூட்டையா? இறக்கு. என் வாயால் சொன்ன பிறகு தூக்கு," என்றார் தில்லையப்பர்.

வடம் இழுத்த மாலுமிகளின் உள்ளங்கைத் தோல் உரிந்தது. மூன்றாம் முறை நங்கூரம் மேலே வந்தபோது, கொள்ளைக்காரர்களே ஒரு கை கொடுத்து உதவுகிற தூரத்துக்கு வந்துவிட்டார்கள்.

அவர்கள் தலைவன் பெயர் காளன். அவன் வாளைக்கூட உருவவில்லை. இவ்வளவு சுலபமாக ஒரு கப்பல் கிடைத்ததில் அவனுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

"இந்தக் கப்பலில் பெரிய ஆள் யார்?" என்று கேட்டான். "எங்கள் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். பெரிய ஆளைத் தீவில் பிணையாக வைத்துக்கொள்வோம். மற்றவர்களைக் கப்பலோடு அனுப்பிவிடுவோம். அவர்கள் ஊருக்குப் போய் மீட்புப் பொருள் கொண்டு வரலாம். பெரிய ஆளே இல்லாத கப்பல் என்றால், இதில் இருக்கிற அத்தனை பேரும் சரக்கு. அக்கரைச் சந்தையில் அடிமைகளாக விற்றுவிடுவோம்."

ஒருவர் முன்னால் வந்தால் போதும், மற்ற எல்லோரும் வீடு போய்ச் சேரலாம். மாலுமிகள் மூன்று முதலாளிகளையும் பார்த்தார்கள்.

வைரவநாதர் மோதிரங்களைக் கழற்றி வாய்க்குள் அடக்கிக்கொண்டார். "நான் மூட்டை சுமக்கிறவன்," என்றார், கன்னம் உப்பியபடி.

"நான் சமையல்காரன்," என்றார் சாத்தப்பர்.

"சோறு வேக எவ்வளவு நேரமாகும்?" என்று காளன் கேட்டான்.

"கூப்பிட்டவுடனே வந்துவிடும்," என்றார் சாத்தப்பர். அவர் வீட்டில் அப்படித்தான் வந்துகொண்டிருந்தது.

"நான் கடலில் விழுந்து தத்தளித்தவன். இவர்கள் இரக்கப்பட்டு ஏற்றிக்கொண்டார்கள்," என்றார் தில்லையப்பர். அவர் பட்டு வேட்டியில் ஒரு சொட்டு ஈரமில்லை.

பிறகு மூவரும் கிசுகிசுத்துக்கொண்டார்கள். "நீரே போம், உமக்குத்தானே முதல் மாலை விழுந்தது." "சேச்சே, உம்முடைய தகுதி எனக்கு ஏது?" "இரண்டு பெரியவர்கள் இருக்கும்போது நான் முந்துவதா?" அப்படி ஒரு அடக்கத்தை அந்தக் கடல் அதுவரை பார்த்ததில்லை.

காளன் சங்கிலிகளைக் கொண்டுவரச் சொன்னான். சவுக்கடிப் புண் இன்னும் ஆறாத அந்த மாலுமிதான் முதலில் நின்றான். சங்கிலிக்குக் கையை நீட்டினான். சேந்தனால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"நிறுத்து," என்றான். "நான்தான் பெரிய ஆள். கப்பலும் என்னுடையது, சரக்கும் என்னுடையது. என்னை வைத்துக்கொண்டு இவர்களை விட்டுவிடு." அவனுக்குப் பயமாகத்தான் இருந்தது.

காளன் அவன் கிழிந்த வேட்டியைப் பார்த்தான், காய்த்துப்போன கையைப் பார்த்தான். மூவர் பக்கம் திரும்பி, "இவனா உங்கள் முதலாளி?" என்று கேட்டான்.

"ஆமாம், கடல்மேல் ஆணை," என்று மூவரும் சேந்தன் காலில் விழுந்தார்கள். அவர்கள் ஒரே மனதாகச் செய்த முதல் காரியம் அதுதான்.

"கடல்மேல் செய்த சத்தியம், அதை யாரும் மீற விடமாட்டேன்," என்றான் காளன். "இன்றிலிருந்து கப்பலும் சரக்கும் இவனுடையது." பிறகு சேந்தனிடம் கேட்டான். "உன்னை வைத்துக்கொண்டால், உன்னை மீட்க இவர்கள் வருவார்களா?"

"வர மாட்டார்கள்."

"இவர்களை வைத்துக்கொண்டால், இவர்களை மீட்க நீ வருவாயா?"

சேந்தன் அந்த மூவரையும் வெகுநேரம் முறைத்தான். "வருவேன்," என்றான் கடைசியில், பல்லைக் கடித்துக்கொண்டு.

"அப்படியானால் பிணையாக இருக்கத் தகுந்தவர்கள் இவர்கள்தான். நீ உன் ஆட்களோடு கிளம்பு. மூட்டை சுமக்கிறவன் இங்கே எனக்கு மூட்டை சுமக்கட்டும், சமையல்காரன் சமைக்கட்டும், கடலில் விழுந்தவன் மீன் பிடிக்கட்டும்," என்றான் காளன்.

"ஐயா, உண்மையில் நாங்கள்தான் முதலாளிகள்," என்று மூவரும் அலறினார்கள். வைரவநாதர் வாயிலிருந்து மோதிரங்கள் உருண்டன. காளன் மோதிரங்களைப் பொறுக்கிக்கொண்டான், பேச்சைக் காதில் வாங்கவில்லை.

சேந்தன் திரும்பி வந்தானா என்றுதானே கேட்கிறீர்கள்? வந்தான், மீட்டான். ஆனால் மாலுமிகளை அவரவர் வீட்டில் சேர்த்து, அவர்கள் கைப்புண் ஆறி, அடுத்த பருவக்காற்று திரும்பிய பிறகு, நிதானமாகத்தான் வந்தான்.

மரியாதை வாங்க முந்திக்கொண்டு, ஆபத்து வரும்போது பின்னால் ஒளிகிறவன் எத்தனை மாலை போட்டாலும் பெரிய ஆள் இல்லை. தன்னை நம்பி வந்தவர்களுக்காக முன்னால் வந்து நிற்கிறவனே பெரிய ஆள்.