பட்டனாக மறுத்த வரி

"நான் எழுதினது எங்கே போகுது, குருவே?"

சீடன் பொன்னரசு பன்னிரண்டாம் வகுப்பு. குரு சஃப்ரின் பத்தாம் வகுப்பு. பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் லேபில் ஞானத்துக்கு வயசு கிடையாது.

"என்ன எழுதினாய், சீடா?"

"பட்டன் செய்யற கோடிங். ஒன்பதாம் வகுப்புப் பசங்க பார்த்துக் கத்துக்கட்டும்னு வெப் பேஜில் போட்டேன். கோடிங்கைக் காணோம். வெறும் பட்டன்தான் நிக்குது. 'என்னை அமுக்கு'ன்னு இளிக்குது."

குரு அமுக்கினாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

"நல்ல பட்டன்," என்றாள்.

"விளையாடாதே குருவே! மணி அடிச்சா பசங்க வந்துடுவாங்க. அதுக்குள்ள கோடிங் தெரியலைன்னா போட்டோ எடுத்து ஒட்டிடுன்னு ஞானசிகாமணி சார் சொல்லிட்டார்."

"ஒட்டிவிடேன்."

"மாட்டேன். போன வருஷம் அப்படித்தான் ஒட்டினார். போட்டோவில் கடைசி வரி வெட்டுப்பட்டுப் போச்சு. ஒருத்தனுக்கும் ஓடலை. மொத்த வகுப்பும் மக்குன்னு திட்டு வாங்கிச்சு. சார் மட்டும் வாங்கலை."

குரு கண்ணை மூடினாள். குருவானதிலிருந்து அவளுக்கு அது ஒரு பழக்கம்.

"சார் மாதிரிப் பேசு."

பொன்னரசு மூக்கை அடைத்துக்கொண்டு, "டேய்! எல்லாரும் எந்திரி! வெளியே போ!" என்றான்.

லேபே சிரித்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"ஏன் யாரும் போகலை?"

"நான் சும்மா சொல்லிக் காட்டினேன்."

"உன் கோடிங் சொல்லிக் காட்டுதா, உத்தரவு போடுதா?"

சீடன் கீபோர்டைக் குருவிடம் தள்ளினான்.



பிரவுசருக்கு உத்தரவு தொடங்குவது கோண அடைப்புக்குறியில் (<). அது திறக்கிற இடத்தையெல்லாம் குரு அழித்தாள். அங்கே ஆம்பர்சேண்ட் குறி (&), எல், டி, அரைப்புள்ளி என்று தட்டினாள். பிரவுசர் இப்போது அடைப்புக்குறியை வரைந்து காட்டியது. அதற்குக் கீழ்ப்படியவில்லை.

பேஜில் கோடிங் நின்றது. கடைசி வரி வரைக்கும்.

மணி அடித்தது. ஒன்பதாம் வகுப்பு உள்ளே பாய்ந்தது. பின்னாலேயே சார்.

"போட்டோ எங்கடா?"

"தேவைப்படலை சார். கோடிங்கே தெரியுது. பசங்க அப்படியே காப்பி பண்ணிக்கலாம்."

"கோடிங்கை வெப் பேஜில் காட்ட முடியாதுன்னு நான் போன வருஷமே சொல்லலை? யாரைக் கேட்டுப் போட்டே? அழி அதை!"



பொன்னரசு எழுந்து நின்றான். மரியாதையாகத்தான்.

"அழி அதை!" என்றான், அச்சு அசல் சார் குரலில், கையைக் கட்டிக்கொண்டு. கோடிங் அப்படியே நின்றது.