வளைவில் நின்ற லாரி

"என் கேம்ல தப்பில்லைங்க மேடம். ஆடினவருக்குத்தான் ஆடத் தெரியலை."

செங்கோட்டுவேல் இதைச் சொன்னபோது தரையைப் பார்த்தான். கணினி அறிவியல், மூன்றாம் ஆண்டு. கேம் உருவாக்கும் பாடத்தை அவனுக்கு நடத்துபவர் நஸ்ரின்.

அன்று துறையில் கண்காட்சி. மலைப்பாதையில் லாரி ஓட்டும் கேம் ஒன்றை அவன் வைத்திருந்தான். ஆடியவர்கள் எல்லோரும் அடிவாரம் வந்து சேர்ந்தார்கள். ஒருவர் மட்டும் மூன்றாம் வளைவைத் தாண்டவில்லை.

"யார் அவர்?"

"எங்கப்பாங்க."

"என்ன வேலை செய்யறார்?"

"லாரி டிரைவர். இருபத்தாறு வருஷமா."

நஸ்ரின் கண்காட்சியில் எடுத்த வீடியோவை ஓடவிட்டார்.

திரையில் லாரி நிதானமாக இறங்கியது. மூன்றாம் வளைவில், எதிரே விளக்கெரிய இன்னொரு லாரி. மற்றவர்கள் எல்லோரும் வண்டியை ஒடித்து அதைத் தாண்டிப் போயிருந்தார்கள். அப்பா நிறுத்தினார். ஹாரன் அடித்தார். காத்திருந்தார். நேரம் முடிந்தது.

மறுபடியும் ஆடினார். அங்கேயே நிறுத்தினார்.

மூன்றாம் முறை பின்னாலிருந்து செங்கோட்டுவேலின் குரல் கேட்டது. "நிறுத்தாதீங்கப்பா. எல்லாரும் பாக்கறாங்க."

யாரோ சிரித்தார்கள். பிறகு பலர். அதில் தன் சிரிப்பும் இருந்ததை அவன் இப்போதுதான் கேட்டான்.

அப்பா கையிலிருந்த கன்ட்ரோலரைச் சட்டையில் துடைத்து மேசைமேல் வைத்தார். "எனக்கு இதெல்லாம் வராது கண்ணு. மத்தவங்களுக்குக் குடு."

"போதுங்க மேடம்" என்றான்.

நஸ்ரின் வீடியோவை நிறுத்தினார்.

"ஏன் நிறுத்தினார்?"

"தெரியலைங்க."

"கேட்டியா?"

அவன் காது மடல்கள் சிவந்தன.

"கேள்."

"இப்பவா? பஸ்ல போயிட்டிருப்பார் மேடம்."

நஸ்ரின் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். அவன் போனை எடுத்தான். இரண்டு முறை எண்ணைத் தவறாகத் தொட்டான்.

"அப்பா."

"சொல்லு கண்ணு. சாப்டியா?"

"அந்த மூணாவது வளைவுல ஏன்ப்பா நிறுத்துனீங்க?"

பஸ் இரைச்சலுக்கு நடுவே அப்பாவின் குரல் தயங்கி வந்தது.

"எதுக்க ஒரு வண்டி ஏறி வந்து நின்னுச்சுல்ல. ஏறுற வண்டிக்கு நாமதான வழி விடோணும். ஹாரன் அடிச்சேன், நவுரவே இல்ல. அந்த டிரைவருக்கு என்ன சங்கடமோன்னு நின்னேன். உனக்குத்தான் நாலு பேர் முன்னால தலைகுனிவாப் போச்சு."

செங்கோட்டுவேல் கண்களை மூடிக்கொண்டான்.

"அந்த வண்டியில டிரைவர் யாரும் இல்லப்பா. நான் வைக்கலை."

"அப்படியா? தெரியலையே கண்ணு. ஆள் இருக்கற மாதிரியேதான செஞ்சிருந்தே."