ஒச்சம்மா கட்டுன குளவி வீடு

ஒரு ஊர்ல ஒரு அவரைப் பந்தல் இருந்துச்சாம். கல்லுக்கால் நட்டு, கம்பி இழுத்து, கொல்லை முழுக்கப் படர்ந்த பந்தல். அது ஒச்சம்மாவோடது. அவளுக்கு ஒரு புருஷன், பேரு மாயன். அஞ்சு புள்ளைங்க. கேக்குறியா? ம் கொட்டு.

"ம்."

அந்த வருஷம் அவரை காய்ச்சாத்தான் அவங்க ஊர்ல இருக்கலாம். இல்லேன்னா பொங்கல் கழிஞ்சதும் செங்கச் சூளை லாரி வரும், சட்டி பானையோட புள்ளைங்களையும் ஏத்திக்கிட்டுப் போகணும். போன வருஷம் அப்படித்தான் போனாங்க. பள்ளிக்கூடம் நின்னுபோச்சு, சின்னதுக்குக் கால்ல சூடு பட்ட வடு இன்னும் இருக்கு. அதனால ஒச்சம்மா காலையில எந்திரிச்சதும் மூஞ்சி கழுவுறதுக்கு முந்திப் பந்தலைத்தான் போய்ப் பாப்பா.

அப்புறம் வீட்டுச் சுவத்தைப் பாப்பா. ஏன்னா அந்த ஊர்ல ஒரு பேச்சு உண்டு. குளவி வீட்டுக்குள்ள கூடு கட்டுனா அந்த வீட்ல புள்ள பொறக்குமாம். ஒச்சம்மாவுக்கு அஞ்சே போதும் போதும்னு இருந்துச்சு. ஙொய்ங்னு ஒரு குளவி மண்ணு உருண்டையைத் தூக்கிக்கிட்டு வந்தாப் போதும், தோசைக்கரண்டியை எடுத்துருவா. சரக், சரக். கூடு உடைஞ்சு சொத்துனு விழும். உள்ள பச்சைப் பச்சையா புழு, உசிரோட மயங்கிக் கிடக்கும். ச்சீன்னு முறத்துல தள்ளிக் கோழிக்குப் போட்டுருவா. நிலைக்கதவு, சாமி படத்துக்குப் பின்னாடி, பம்புசெட்டு ரூம்பு, ஒரு இடம் விடமாட்டா.

அப்போ அவரை பூத்துச்சு. பூவோட புழுவும் வந்துச்சு. நறுக் நறுக்னு பூவைத் தின்னுச்சு, பிஞ்சைத் தொளைச்சுச்சு. மாயன் மருந்து வாங்கி அடிச்சான். அடங்குன மாதிரி அடங்கி, முன்னைவிடக் கூடுதலா வந்துச்சு. மருந்துக்குச் செத்தது சிலந்தியும் பொறிவண்டும்தான். புழு கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி உக்காந்து தின்னுச்சு.

அப்புறம் ஒரு நாள் காலையில பந்தலுக்கு அடியில நின்ன ஒச்சம்மாவுக்குக் குமட்டிக்கிட்டு வந்துச்சு. உவ்வே. கல்லுக்காலைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டா. அஞ்சு பெத்தவளுக்கு யாரும் சொல்லணுமா என்ன?

கோவம்னா கோவம், அப்படி ஒரு கோவம் அவளுக்கு. மாயனைக் கூப்பிட்டா. "ஒரு கூடு விடாம இடிச்சேனே. அப்புறம் இது எப்படி வந்துச்சு?"

மாயன் நல்லவன்தான். ஆனா கேள்வி கேட்டா மேல பாக்குற ஆளு. மேல பாத்தான். என்னத்தைப் பாக்குறான்னு அவளும் பாத்தா. அவரைப் பூவுல ஒரு புழு, பச்சையா நெளிஞ்சுச்சு. எங்கேயோ பாத்த புழுவாச்சேன்னு யோசிச்சா. அட, முறத்துல அள்ளிப் போட்ட புழு. கூட்டுக்குள்ள கிடந்த அதே புழு. இத்தனை நாளும் குளவி இந்தப் பந்தல்லதான் புழுவைப் பொறுக்கித் தன் குஞ்சுக்குத் தீனியா அடைச்சு வச்சிருக்கு. பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு ஆகிப்போச்சு. ஒச்சம்மாவுக்கு வெக்கமாப் போச்சு. தூங்கிட்டியா?

"ம்ஹூம்."

குளவிகிட்டப் போயி வாடின்னா வருமா? வீடு கட்டி வச்சாத்தான் வரும். ஓடைக்கரையில நாணல் வெட்டிக்கிட்டு வந்தா. ஒரு பக்கம் கணு அடைச்சபடி, மறுபக்கம் ஓட்டையா, துண்டு துண்டா நறுக்கிக் கட்டாக் கட்டிப் பந்தல்ல தொங்கவிட்டா. அன்னைக்கே மழை, சளசளன்னு. நாணல் ஊறிப் பூசணம் பூத்துப்போச்சு. அப்புறம் வேற கட்டு கட்டி, மேல மழை படாம ஒரு பழைய சட்டியைக் கவுத்தா. அதுக்குள்ள எறும்பு சாரை சாரையாக் குடி வந்துருச்சு. காத்துக்கு வேற கட்டு ஊஞ்சலாட்டம் ஆடுச்சு. ஆடுற வீட்ல யாரு இருப்பா? மூணாவதா, கல்லுக்காலோட ஆடாம இறுக்கிக் கட்டி, கீழ எறும்பு ஏறாம வேப்பெண்ணெய்த் துணி சுத்தி, சட்டியையும் கவுத்தா. பக்கத்துல ஒரு குழி தோண்டித் தண்ணி ஊத்தி ஈர மண்ணு வச்சா. மருந்து டப்பாவை மாயன் தொடக்கூடாதுன்னுட்டா.

அப்புறம் காத்துக்கிட்டிருந்தா. பூ பாட்டுக்குக் கொட்டுச்சு. சூளை மேஸ்திரி வந்து, இந்த வருஷமும் வர்றீங்கதானேன்னு கேட்டான். ஒச்சம்மா, பாப்போம்னு மட்டும் சொன்னா. அவன் போனப்புறம் அழுதா.

அப்போ ஒரு நாள், ஙொய்ங். ஒரே ஒரு குளவி. ஒவ்வொரு ஓட்டையா எட்டிப் பாத்துச்சு, வீடு பாக்க வந்த மருமக மாதிரி. குழியில மண்ணு எடுத்துச்சு. பூவுல புழுவை எடுத்துச்சு. உள்ள வச்சு அடைச்சுச்சு. அடுத்த நாள் இன்னொண்ணு. அப்புறம் பந்தலே ஙொய்ங் ஙொய்ங்னு ஆகிப்போச்சு. ஒச்சம்மா கல்லுக்காலுக்கு ஒரு நாணல் கட்டு கட்டி வச்சா. பிஞ்சு உதிராம நின்னுச்சு, காய் தொங்குச்சு, கூடை கூடையா எறங்குச்சு.

பொங்கல் கழிஞ்சு லாரி வந்து பாம் பாம்னு அடிச்சுச்சு. புள்ளைங்க பள்ளிக்கூடப் பையோட நின்னு வேடிக்கை பாத்துச்சுங்க. லாரி போயிருச்சு.

வெயில் காலத்துல ஒச்சம்மாவுக்குப் பொண்ணு பொறந்துச்சு. பந்தல் நிழல்ல தொட்டில் கட்டிப் போட்டா. பாக்க வந்த பொம்பளைங்க, நாங்க சொன்னோமா இல்லையா, குளவி கூடு கட்டுச்சு, புள்ள வந்துருச்சுன்னாங்க.

ஒச்சம்மா தொட்டிலை ஆட்டிக்கிட்டே சொன்னா: "குளவிக்கு முந்தியே இவ வந்துட்டா. இவதான் குளவியைக் கூட்டிக்கிட்டு வந்தா."

அவ்வளவுதான். கதை கூட்டுக்குள்ள போயிருச்சு, மண்ணு வச்சு அடைச்சாச்சு. நீயும் கண்ணை அடை.